கொலாஜன் பொடி முழங்காலுக்கு நேராகப் போகுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 64 வயது, மூட்டுவலி. இங்கே ஒரு கடையில் 250 கிராம் கொலாஜன் பெப்டைடு பொடியை 1,450 ரூபாய்க்கு வாங்கினேன். "நேராக முழங்காலில் போய் ஒட்டிக்கொள்ளும், வேறு புரதமே வேண்டாம்" என்றார் கடைக்காரர். அம்மாவும் அதை நம்பி மீனையும் பயறையும் குறைத்துவிட்டார். 10 கிராம் கரண்டிக்கு 9 கிராம் புரதம் என்று டப்பாவில் போட்டிருக்கிறது. சைவத்துக்கான பச்சைக் குறியும் இருக்கிறது. நம்பலாமா?
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: முதலில் அம்மாவின் தட்டில் மீனைத் திரும்ப வையுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

நம்மூர்த் தும்புக் கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். புரதத்தின் கண்ணிகளான அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும்போது ஒவ்வொரு கோப்பிலும் ஒரு நீர் மூலக்கூறு கழன்றுபோகும்; அந்தக் கோப்புதான் பெப்டைடு பிணைப்பு. இப்படி நீண்ட மூன்று புரிகள் முறுக்கிக்கொண்டால், தோலையும் எலும்பையும் தாங்கும் புரதமான கொலாஜன். முட்டை வெள்ளைக்கருவின் புரதம் உருண்டையாக மடிய, இது மட்டும் ஏன் கயிறாகிறது? வரிசைதான் காரணம். கொலாஜனில் மூன்றுக்கு ஒரு இடத்தில் கிளைசின் வந்துகொண்டே இருக்கும். இருபது அமினோ அமிலங்களில் ஆகச் சிறியது அது. கயிற்றின் நடு இடுக்கில் வேறெதுவும் அடங்காது. அந்த இடத்தில் வேறொன்று மாறி அமைந்தால், எலும்பு எளிதில் நொறுங்கும் பிறவி நோய்கூட வரலாம். இந்த மூன்று புரி அமைப்பை 1954இல் முன்வைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். ஆய்வுக்குக் கைகொடுத்தது கங்காருவின் வால் நாண்!

ஆட்டுக்கால் சூப் ஆறியதும் கட்டிப்படுகிறதே, அது புரி பிரிந்த கொலாஜன், அதாவது ஜெலட்டின். அதையும் நொதிகளால் நறுக்கினால் உங்கள் டப்பாவில் இருக்கும் பெப்டைடு. ஆக, நீங்கள் வாங்கியது கயிற்றுத் துண்டு. குடல் அதை இன்னும் பொடியாக நறுக்கும். பெரும்பகுதி தனித்தனி அமினோ அமிலமாகவும், கொஞ்சம் இரண்டு மூன்று கோத்த துணுக்காகவும் இரத்தத்தில் சேரும். எதன் மேலும் 'முழங்கால்' என்று விலாசம் எழுதியிருக்காது. வலி ஓரளவு குறைந்ததாகச் சொல்லும் சிறிய ஆய்வுகள் உண்டு. அவற்றில் பலவற்றுக்குச் செலவு செய்தவர்கள் பொடி தயாரிப்பவர்களே என்பதால் நான் காசு போடமாட்டேன்.

"வேறு புரதமே வேண்டாம்" என்றதுதான் எனக்குக் கோபம். உடலால் தானே செய்துகொள்ள முடியாத அமினோ அமிலங்கள் ஒன்பது. அவற்றுள் டிரிப்டோபான் கொலாஜனில் அறவே இல்லை. டப்பாவின் 9 கிராம் பொய்யல்ல, ஆனால் அதை மட்டும் வைத்து உடல் தசையைக் கட்ட முடியாது. சாளை மீனிலும் முட்டையிலும் ஒன்பதும் உண்டு. அந்த ஒன்பதில் அரிசியில் குறைகிற லைசினைப் பயறு ஈடுகட்டிவிடும். உங்கள் பொடி கரண்டி ஒன்றுக்கு 58 ரூபாய். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். கணக்கை நீங்களே போடுங்கள்.

பச்சைக் குறிக்கு வருகிறேன். கடையில் விற்கும் கொலாஜன் பொடி மீன் தோல், செதில், மாட்டுத்தோல், எலும்பு இவற்றிலிருந்து எடுப்பது. அப்படியானால் ஒன்று உள்ளே கொலாஜன் இல்லை, அல்லது குறி தவறு. சேர்மானப் பட்டியலைப் படித்துவிட்டு, பில்லையும் டப்பாவையும் பத்திரமாக வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். பணம் திரும்ப வராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும், இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது. கடைக்காரர் வாயால் சொன்னதை நிரூபிப்பது கடினம். டப்பாவில் அச்சிட்டதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: முட்டையை வேகவைத்தால் புரதம் அழிந்துவிடும், பச்சையாகக் குடி என்கிறார் உடற்பயிற்சிக்கூட ஆசிரியர். சரியா?
– வாசகர், குளச்சல்

பதில்: தவறு. வேகும்போது புரதத்தின் மடிப்புதான் அவிழ்கிறது, கோத்த வரிசை அப்படியே இருக்கிறது. மடிப்பு அவிழ்ந்தால் செரிமான நொதிகளுக்கு வேலை சுலபம். வெந்த முட்டையின் புரதத்தில் சுமார் 90 சதவீதம் உடலில் சேர, பச்சை முட்டையில் பாதிதான் சேர்ந்தது என்று ஓர் ஆய்வு கண்டது. சால்மொனெல்லா கிருமிப் பயம் வேறு. வேகவைத்தே சாப்பிடுங்கள்.