லிஸ்பனில் ஒரு பகல், தோளில் ஒரு பை: கேள்வி பதில்

போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனில் குடியிருக்கிறேன். விமானம் மாறும் இடைவெளியில் ஊரைப் பார்த்துவிட்டுப் போக நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கோவையிலிருந்து ஒரு மாணவர்: அக்கா, அமெரிக்கா போகிற வழியில் லிஸ்பனில் பத்து மணி நேரம் இருக்கிறது. வெளியே வரலாமா?

இந்திய பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா, வேண்டும் தம்பி. அமெரிக்க விசா மட்டும் போதாது. ஷெங்கன் இருந்தால் தாராளமாக வாங்க. விமான நிலையம் ஊரை ஒட்டியே இருக்கிறது. சிவப்பு மெட்ரோவில் ஏறி, அலமேடாவில் பச்சைக்கு மாறினால் அரை மணி நேரத்தில் ஊர் நடுவிலுள்ள ரோசியோ வந்துவிடும். பாஸ்போர்ட் வரிசை சில நாள் மிக நீளம், அதனால் விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே திரும்பிவிடுங்கள். கையில் மிஞ்சுவது ஐந்து மணி நேரம் என்று கணக்கு வையுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து: இலங்கை பாஸ்போர்ட். வெளியில் வராமல் விமானம் மட்டும் மாறினாலும் விசா வேணுமோ?

வேணும். இலங்கை பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றிலும் விமான நிலைய டிரான்சிட் விசா கட்டாயம். செல்லுபடியாகும் ஷெங்கன், அமெரிக்க, கனடா அல்லது ஜப்பான் விசா இருந்தால் விலக்கு உண்டு. டிக்கெட் போடும் முன்பே இதைப் பாருங்கள்.

அதே கோவைத் தம்பி: அந்த ஐந்து மணி நேரத்தில் எதையெல்லாம் பார்க்கலாம்?

ஒரு மேடு, ஒரு மதியச் சாப்பாடு. இவ்வளவுதான் நான் சொல்வேன். ஆற்றோரப் பெலேம், ஊருக்கு வெளியே சிந்த்ரா, கோட்டை என்று பட்டியல் போட்டு வருகிறவர்கள் பாதி நேரத்தை வரிசையில் கழித்துவிட்டு, விமான நிலையத்தில் சாண்ட்விச் தின்கிறார்கள். எனக்கு அது மனசு கேட்பதில்லை.

அதே பச்சை மெட்ரோவில் மார்த்திம் மொனிஷ் நிலையத்தில் இறங்கி, செஞோரா டோ மோந்தே காட்சி மேட்டுக்கு நடந்து ஏறுங்கள். ஊர் முழுவதும், கோட்டையும், தேஜோ ஆறும் அங்கிருந்தே தெரியும். அப்புறம் அல்ஃபாமா சந்துகள் வழியாகக் கீழே இறங்குங்கள். 1755 நவம்பர் 1 நிலநடுக்கம் லிஸ்பனைத் தரைமட்டமாக்கியபோது பெருமளவு தப்பிய பகுதி அது. அதனால்தான் சந்துகள் இன்னும் பழையபடி வளைந்து வளைந்து போகின்றன. கீழே ஊர் நடுப் பகுதியான பைஷாவுக்கு வந்தால் எல்லாம் கட்டம் போட்ட மாதிரி நேர்த் தெருக்கள். இடிந்த பிறகு அரசரின் அமைச்சர் பொம்பால் பிரபு புதிதாகக் கட்டியது. அடுத்த நிலநடுக்கத்தைத் தாங்க அந்தக் கட்டடங்களின் சுவருக்குள் மரச்சட்டக் கூடு வைத்தார்கள்.

சாப்பாட்டு நேரத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, மற்றதை அதைச் சுற்றி வையுங்கள். 'தாஷ்கா' என்கிற சின்னக் குடும்பச் சாப்பாட்டுக் கடைகளில் அன்றைய சாப்பாட்டைக் காகிதத்தில் எழுதி வாசலில் ஒட்டியிருப்பார்கள். ஊர் வேலைக்காரர்கள் சாப்பிடுவது அதைத்தான். நல்லதெல்லாம் இரண்டு மணிக்குள் தீர்ந்துவிடும், பன்னிரண்டரைக்கே உட்கார்ந்துவிடுங்கள். வெளியே படம் போட்ட மெனு வைத்துக் கூவி அழைக்கும் கடை வேண்டாம்.

சென்னையிலிருந்து: நான் சைவம், முட்டை சாப்பிடுவேன். மீனும் பன்றியும்தான் அங்கே என்கிறார்களே?

உண்மைதான், ஆனால் பட்டினி கிடக்க வேண்டாம். 'அசோர்தா' கேளுங்கள். தெற்கே அலென்தேஜோ பக்கத்து ஏழைச் சமையல். பூண்டு, கொத்தமல்லி, கல்லுப்பு மூன்றையும் உரலில் இடித்து, ஆலிவ் எண்ணெய் விட்டு, கொதிக்கும் நீரை மேலே ஊற்றுவார்கள். முந்தின நாள் ரொட்டித் துண்டுகள் அதில் ஊறும், மேலே ஓடு நீக்கி வேகவைத்த முட்டை. தட்டு வரும்போதே கொத்தமல்லி மணம் தூக்கும். ஐரோப்பாவில் வேறெங்கும் கொத்தமல்லித்தழையை இவ்வளவு தாராளமாகப் போட்டு நான் பார்த்ததில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: சிலர் மீன் வேகவைத்த நீரையே ஊற்றுவார்கள், கேட்டுவிட்டு ஆர்டர் செய்யுங்கள். 'கால்து வெர்து' என்ற கீரை உருளைக்கிழங்கு சூப்பில் பன்றித் தொத்திறைச்சித் துண்டு மிதக்கும், அதையும் கேட்டுவிட்டே வாங்குங்கள்.

திருச்சியிலிருந்து: கேட்காமலேயே ரொட்டி, ஆலிவ் வைத்துவிட்டுக் காசு வாங்கிவிடுவார்களாமே?

இது ஏமாற்று இல்லை, இங்கே வழக்கம். தொட்டால்தான் காசு. வேண்டாம் என்றால் வைத்தவுடனே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

சிங்கப்பூரிலிருந்து: 28 ஆம் எண் டிராம்?

கூட்டம், பிக்பாக்கெட். விடிகாலை என்றால் சரி. இல்லையென்றால் நடங்கள். மழை பெய்தால் மட்டும் கவனம்: நடைபாதை முழுக்கத் தேய்ந்து பளபளக்கும் சுண்ணாம்புக்கல், நல்ல பிடியுள்ள ஷூ இல்லாவிட்டால் வழுக்கிவிடும்.

துபாயிலிருந்து: பெலேமுக்குப் போய் முட்டைக் கஸ்டர்ட் டார்ட் சாப்பிடாமல் வந்தால் வீண் என்கிறார்களே?

ஒரு இரவு தங்கினால் போங்கள். 1834-ல் மடங்களை மூடிய பிறகு, ஜெரோனிமோஸ் மடத்துச் செய்முறையை வைத்து 1837-ல் தொடங்கிய கடை அது. வாசல் வரிசை பார்சலுக்கு. உள்ளே அடுத்தடுத்துப் பெரிய கூடங்கள், பெரும்பாலும் சீக்கிரமே இடம் கிடைக்கும். பட்டைத்தூள் தூவி, சூடாக இருக்கும்போதே கடியுங்கள். மடத்தையும் பார்க்க வேண்டுமென்றால் திங்கட்கிழமை வேண்டாம், அன்று மூடியிருக்கும். வாஸ்கோ ட காமாவின் கல்லறை அங்கேதான்.

சில மணி நேரம் மட்டும் என்றால் பெலேமை விடுங்கள். ஊர் நடுவில் எந்த நல்ல பேக்கரியிலும் 'பாஷ்டேல் டி நாட்டா' கிடைக்கும். அடுப்பிலிருந்து இறங்கிய தட்டு எது என்று பார்த்து வாங்குங்கள், அது போதும்.

மதுரையிலிருந்து: சாயங்காலம் இரண்டு மணி நேரம் மிச்சம். செலவில்லாமல் என்ன செய்யலாம்?

காய்ஷ் டோ சோட்ரே படகுத்துறையிலிருந்து எதிர்க்கரைக் கசிலாஷுக்குப் படகு ஏறுங்கள். வேலை முடிந்து வீடு திரும்பும் சனம் போகிற படகு, பத்து நிமிடப் பயணம். மேல்வெயிலில் லிஸ்பன் மேடுகள் வரிசையாகத் தெரியும். கரையோரம் கொஞ்சம் நடந்துவிட்டு அடுத்த படகில் திரும்பலாம். டிக்கெட்டுக்குத் தனியாக நிற்க வேண்டாம், மெட்ரோவுக்கு வாங்கிய நவெகான்தே அட்டையில் பணம் ஏற்றியிருந்தால் அதையே காட்டலாம்.