டாரட்: 156 பொருள்களும் ஒரு படமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அண்மையில், குறி பார்க்கப் பயன்படுத்தும் படச் சீட்டுகளான டாரட் கட்டு ஒன்று வாங்கினேன். பண்டைய எகிப்தின் ஞானம் இது என்று அதனுடன் வந்த கையேடு சொல்கிறது. 78 சீட்டுகளுக்கும் நேர்ப்பொருள், தலைகீழ்ப்பொருள் என்று 156 பொருள்களை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்துவருகிறேன். இருபது சீட்டுகளைத் தாண்ட முடியவில்லை, படித்ததும் மறந்துபோகிறது. முதல் கட்டை நாமே வாங்கக் கூடாது, யாராவது பரிசாகத் தர வேண்டும் என்கிறார்களே, உண்மையா? தொடக்கநிலையில் இருப்பவர் எந்த ஸ்ப்ரெட்டில், அதாவது சீட்டுகளைப் பரப்பி வைக்கும் எந்த முறையில், தொடங்க வேண்டும்? தலைகீழாக வரும் சீட்டுகளை எப்படி எடுத்துக்கொள்வது? இன்னொன்று. எனக்கு இதில் ஆர்வம் வந்ததே, தொழில்முறையில் சீட்டுப் பார்க்கும் ஒருவர் எனக்காகப் பத்துச் சீட்டுகள் எடுத்தபோது ‘மரணம்’ வந்ததனால்தான். அப்பா உடல்நலமில்லாமல் இருக்கிறார். தீங்கை விலக்கத் தனிக்கட்டணம் ஆகும் என்றார் அவர். அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கடைசியில் எழுதியதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தூக்கம் கெட்டிருப்பவரிடம் வரலாறு பேசுவது நியாயமில்லை. 78 சீட்டுகளில் பத்தை எடுத்தால், அவற்றுள் மரணச் சீட்டு இருப்பதற்கான வாய்ப்பு 78-இல் 10, அதாவது ஏறத்தாழ எட்டில் ஒன்று. உங்களுக்குச் சீட்டுப் பார்த்தவர் முன்னால் வந்து அமர்பவர்களில் எட்டுக்கு ஒருவர் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்து போகிறார், அவர்களுடைய தந்தையர் நலமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும். சீட்டுப் பார்ப்பவர்களிலேயே பொறுப்புள்ளவர்கள் அதை உடலின் சாவாகச் சொல்வதில்லை. ஏதோ ஒன்று முடிவதாகவும் அதன் இடத்தில் வேறொன்று தொடங்குவதாகவுமே சொல்வார்கள். அச்சத்தையும் கொடுத்து, அதைப் போக்குவதற்குக் கட்டணமும் கேட்டவர் அன்று சீட்டைப் பார்க்கவில்லை, உங்கள் முகத்தைப் பார்த்திருக்கிறார். இனி அந்தப் பக்கம் போகாதீர்கள். அப்பாவைப் பற்றிக் கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் கேளுங்கள். அப்பாவின் அருகில் இருக்கும் நேரத்தில் சீட்டுக்கட்டு உங்கள் கையில் இருக்க வேண்டாம்.

பரிசு விஷயத்துக்கு எந்த அடிப்படையும் இல்லை, விட்டுவிடுங்கள். எகிப்தையும் விட்டுவிடலாம். இந்தச் சீட்டுகள் 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில், பிரபுக்களின் மாளிகைகளில் விளையாடுவதற்காக உருவானவை. பொன்தகடு ஒட்டி மிலான் கோமகன்களுக்காக வரைந்த கட்டுகளின் சீட்டுகள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. 1781-இல் கூர் தெ ஜெபலென் என்ற பிரெஞ்சுக்காரர் இவற்றை எகிப்தியப் புரோகிதர்கள் ஒளித்துவைத்த நூல் என்று எழுதினார். அப்போது எகிப்திய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் உலகில் ஒருவர்கூட இல்லை. ஷாம்போலியன் என்ற பிரெஞ்சு அறிஞர் அதைப் படித்துக் காட்டியது 1822-இல்தான். படிக்கவே முடியாத மொழியில் இருப்பதை ஆதாரமாகக் காட்டுவதில் ஒரு வசதி உண்டு, யாரும் மறுக்க முடியாது. அதற்குள் எத்தெய்யா என்று தன் பெயரைத் திருப்பிப் போட்டுக்கொண்ட அலியெத் என்பவர், குறி சொல்வதற்கென்றே தனிக் கட்டு வெளியிட்டுத் தொழிலாகவும் ஆக்கிவிட்டார். பிரான்சில் இன்றும் டாரட் ஆடுகிறார்கள். வெறும் சீட்டாட்டமாக, வெற்றி தோல்வியோடு.

நான் பதில் எழுத உட்கார்ந்தது உங்கள் நோட்டுக்காக. அந்த 156 பொருள்களைப் படித்ததும் வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன், நீங்கள் வந்து மாட்டிக்கொண்டீர்கள். படம் போட்ட சீட்டை வாங்கி, படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, யாரோ எழுதிய சொற்களை நெட்டுருப் போடுகிறீர்கள். மறந்துபோகிறது என்று வருந்துகிறீர்கள். மறக்காமல் என்ன செய்யும்? ‘மாற்றம்’, ‘தடை’, ‘புதிய வாய்ப்பு’, ‘உள்மனப் போராட்டம்’ போன்ற சொற்களில் நினைவு பற்றிக்கொள்ள எதுவும் இல்லை. அவை யாருக்கும் பொருந்தும், அதனால் எவரையும் குறிப்பதில்லை.

1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்தார். பிறகு ஒவ்வொருவருக்கும் அவரவர் குணநலன் பற்றிய குறிப்பு ஒன்றைக் கொடுத்து, அது எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. அத்தனை பேருக்கும் அவர் கொடுத்தது ஒரே குறிப்பு. அதன் வாசகங்களில் பெரும்பகுதியைக் கடையில் விற்கும் ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். உங்கள் கையேட்டை எழுதியவர்களும் இந்த வகை வாசகங்களில் கைதேர்ந்தவர்கள். அவற்றை மனப்பாடம் செய்து ஒருவருக்குச் சொன்னால் அவர் ‘அப்படியே சொன்னீர்கள்’ என்று வியப்பார். நீங்களும் நம்பிவிடுவீர்கள். அவர் எதை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் முன் வந்து அமர்ந்தார் என்பது மட்டும் உங்களுக்குத் தெரிந்திருக்காது.

என் தோழி ஒருவர் நெடுங்காலம் சீட்டுப் பார்த்தவர். எதிர்காலம் தெரியும் என்று ஒருநாளும் சொன்னதில்லை, காசு வாங்கியதும் இல்லை. ஒருமுறை அவரிடம் ஒருவர் வந்து, நல்ல வேலையை விட்டுவிட்டு வெளிநாடு போகலாமா என்று கேட்டபோது நானும் அருகில் இருந்தேன். வந்த சீட்டு கோப்பைகளில் எட்டு. முன்னால் கோப்பைகள் கீழ்வரிசையில் ஐந்தும் மேல்வரிசையில் மூன்றுமாக இருக்க, சிவப்பு மேலாடை அணிந்த ஒருவர் கோலூன்றி, நமக்கு முதுகைக் காட்டியபடி மலைப்பக்கம் நடந்துபோகிறார். மேலே நிலவு கண் தாழ்த்தி இருக்கிறது. ‘கைவிடுதல்’ என்று கையேடு சொல்லும். தோழி எதுவும் சொல்லாமல் சீட்டை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, “எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டுத்தான் போகிறான்” என்றார். பிறகு மேல்வரிசையில் இருந்த இடைவெளியில் விரலை வைத்து, “இங்கே ஒன்று வைக்கலாம்” என்று சொல்லிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒரு சண்டையைப் பற்றி, தம்பியோடு அவருக்கு இருந்த பிணக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். வெளிநாடு பற்றிய கேள்வியை அன்று அவர் திரும்ப எடுக்கவே இல்லை. தோழி இரண்டோ மூன்றோ கேள்விகள் கேட்டிருப்பார், அவ்வளவுதான். அந்த இடைவெளியைப் பற்றி உங்கள் நோட்டில் ஒரு வரி இருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள்.

அந்த இடைவெளியை வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித். நாடக அரங்குகளோடு பழகியவர், பொம்மை நாடகங்கள் போட்டவர். அவருடைய மனிதர்கள் சீட்டுக்குள் நிற்கும் விதத்திலேயே அது தெரியும். நீங்கள் வைத்திருப்பது பெரும்பாலும் அவருடைய 1909-ஆம் ஆண்டுக் கட்டாகவோ அதைப் பார்த்து வரைந்ததாகவோ இருக்கும். அவருக்கு முன்பிருந்த கட்டுகளில் பொதுவாக எண் சீட்டுகளுக்குக் காட்சி கிடையாது. கோப்பைகளில் எட்டு என்றால் எட்டுக் கோப்பைகள், வாள்களில் மூன்று என்றால் மூன்று வாள்கள், சாதாரணச் சீட்டுக்கட்டில் இருப்பதுபோல. சில பழைய கட்டுகள் மட்டுமே விலக்கு. ஸ்மித்தான் அந்த எண் சீட்டுகளுக்குள் மனிதர்களைக் கொண்டுவந்தார்: படகில் குனிந்து அமர்ந்திருக்கும் பெண், படுக்கையில் எழுந்து முகத்தைப் பொத்திக்கொண்டவர், பனியில் நொண்டி நடக்கும் ஏழைகள். வேலை முடிந்ததும், மிகக் குறைந்த காசுக்கு மிகப் பெரிய வேலை ஒன்றைச் செய்துமுடித்ததாக புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸுக்கு எழுதினார். 1951-இல் வறுமையில் இறந்தார். பல பத்தாண்டுகளாக அந்தக் கட்டு பதிப்பாளர் ரைடர், அதற்கு விளக்கம் எழுதிய வெயிட் ஆகிய இருவர் பெயரால்தான் வழங்கியது. வரைந்தவர் பெயர் சீட்டின் மூலையில் ஒரு சிறு முத்திரைக் கையெழுத்தாக மட்டும் இருந்தது. சொல்லை எழுதியவருக்குப் பெயர், படத்தை வரைந்தவருக்கு மூலை. உங்கள் நோட்டும் இதே அநியாயத்தைத்தான் தொடர்கிறது என்பதால் எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் மேல் மட்டுமில்லை, வருத்தப்படாதீர்கள்.

ஆகவே நோட்டை மூடுங்கள். கட்டின் அமைப்பை மட்டும் தெரிந்துகொண்டால் போதும்: மேஜர் அர்கானா என்னும் 22 சீட்டுகள், எண்ணில்லாமலோ சுழி எண்ணோடோ நிற்கும் பேதையில் தொடங்கி உலகத்தில் முடிபவை, மைனர் அர்கானா என்னும் 56, கோல், கோப்பை, வாள், நாணயம் என நான்கு இனங்கள், ஒவ்வொன்றிலும் ஒன்று முதல் பத்து வரையும் ஏவலன், வீரன், அரசி, அரசன் என்ற நால்வரும். பிறகு ஒரு நாளைக்கு ஒரே ஒரு சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் எழுதுங்கள். யார் எங்கே பார்க்கிறார்கள், கையில் என்ன, வானம் எப்படி இருக்கிறது, பின்னால் தொலைவில் என்ன தெரிகிறது, யார் காலில் செருப்பு இல்லை. ‘நம்பிக்கை’, ‘துயரம்’ என்று ஒரு சொல் வந்துவிட்டால் அடித்துவிட்டு, எதைப் பார்த்து அது வந்தது என்பதை எழுதுங்கள். கையேட்டை அதற்குப் பிறகு திறக்கலாம். அது சொல்வதோடு உங்களுக்கு உடன்பாடில்லை என்று பல இடங்களில் தெரியவரும், அப்போது உங்கள் கண்ணையே நம்புங்கள்.

மரணச் சீட்டையும் இப்படிப் பார்க்கலாம், ஆனால் இப்போது வேண்டாம், அப்பா உடல்நலம் தேறிய பிறகு. கருங்கவசம் அணிந்த எலும்புக்கூடு வெள்ளைக் குதிரையில் வருகிறது. அரசன் கீழே விழுந்து கிடக்கிறான், மதகுரு எதிரே நிற்கிறார், இளம்பெண் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், குழந்தை மட்டும் மண்டியிட்டு நிமிர்ந்து பார்க்கிறது. பின்னால் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே சூரியன் இருக்கிறது. உங்களிடம் கட்டணம் கேட்டவர் இதில் எதையாவது காட்டினாரா?

ஸ்ப்ரெட் என்று கேட்டிருந்தீர்கள். பத்துச் சீட்டுகள் வைக்கும் கெல்டிக் கிராஸை வெயிட் தம் புத்தகத்தில் விளக்கிய பிறகு எல்லோரும் அதிலேயே தொடங்குகிறார்கள். ஒரு சீட்டையே பார்க்கத் தெரியாதவருக்குப் பத்து எதற்கு? ஒன்றில் தொடங்கி, பழகியபின் மூன்றுக்குப் போங்கள். தலைகீழாக வருவதை இப்போதைக்கு நேராகத் திருப்பி வைத்துவிடுங்கள், எந்தச் சாபமும் வராது. இன்று இரவு நேரத்தோடு படுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்