நான்கு பள்ளிக்கு ஒரு கணித டீச்சர்: கேள்வி பதில்

கிராமத்துச் சின்னப் பள்ளிகள் ஒன்றுசேர்ந்து இணையம், கணினி, ஆசிரியர் எல்லாவற்றையும் பகிர்ந்துகொள்வது பற்றி நிறையக் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சார், பக்கத்துப் பள்ளி டீச்சர்தான் நான்கு பள்ளிகளுக்கும் வீடியோவில் கணக்கு எடுக்கிறார். படம் அடிக்கடி அப்படியே நின்றுவிடுகிறது. வேகமான பிளானுக்கு மாறலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். லேப்டாப்பை ரூட்டரில் கேபிள் போட்டு இணைத்து ஒரு நாள் வகுப்பை ஓட்டிப் பாருங்கள். கேபிளில் ஒழுங்காக ஓடி வைஃபையில் திணறினால், எந்தப் பிளானுக்கு மாறினாலும் திணறும். கேபிளிலும் நின்றால், டீச்சர் இருக்கும் பள்ளியின் அப்லோடு வேகத்தைப் பாருங்கள். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது டவுன்லோடு வேகம். டீச்சரின் பாடம் வெளியே போவதோ அப்லோடு வழியாக.

அடுத்தது, வீடியோ தேவையா என்பது. விநாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஓடும் வீடியோ ஒரு மணி நேரத்தில் 450 எம்பி தின்னும். 40 கிலோபிட்டில் போகும் குரலுக்கு 18 எம்பி போதும். பாடத்தின் ஸ்லைடுகளை முந்தின நாளே எல்லாப் பள்ளிக்கும் அனுப்பிவிட்டு, வகுப்பில் குரலை மட்டும் விடுங்கள். "அஞ்சாவது ஸ்லைடுக்கு வாங்க" என்று டீச்சர் சொன்னால் அங்கே ஒருவர் மாற்றிவிடப் போகிறார். முகம் தெரிய வேண்டும் என்றால் முதல் இரண்டு நிமிடம் கேமராவைப் போட்டு, வணக்கம் சொல்லி அணைத்துவிடலாம். மிச்சமாகும் காசில் டீச்சருக்குச் சட்டையில் மாட்டும் மைக் வாங்குங்கள். படம் மங்கினால் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள். குரல் தேய்ந்தால் பத்து நிமிடத்தில் ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இன்னொன்று: நான்கு பள்ளியிலும் மூன்றாவது பீரியட் ஒரே நேரத்தில் தொடங்குகிறதா? மணி அடிக்கும் நேரத்தை ஒன்றாக்காமல் கருவி வாங்கிக் குவித்த இடங்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

கேள்வி: எங்களுக்குச் சாட்டிலைட் இணைப்புதான். வேகம் நன்றாகவே காட்டுகிறது. ஆனால் கேள்வி கேட்டால் பிள்ளைகளின் பதில் தாமதமாக வந்து, எல்லோர் பேச்சும் மோதிக்கொள்கிறது.

பதில்: உங்களுடையது புவிநிலைச் சுற்றுப்பாதைச் சாட்டிலைட்டாக இருக்கும், அதாவது பூமியிலிருந்து பார்த்தால் ஒரே இடத்தில் நிற்பது. அது 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. கேள்வி மேலே போய் இறங்கி, பதிலும் அதேபோல் திரும்பி வர அரை விநாடி போய்விடும். ஒளியே அவ்வளவு வேகம்தான் போகும், எந்த செட்டிங்காலும் மாற்ற முடியாது. சுமார் 550 கிலோமீட்டரில் சுற்றும் ஸ்டார்லிங்க் போன்றவற்றில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. மாற வழியில்லை என்றால் "எல்லாரும் சொல்லுங்க" என்பதை விட்டுவிட்டு, பள்ளியின் பெயரைச் சொல்லிக் கேட்டு, மனதுக்குள் மூன்று எண்ணிக் காத்திருக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: முப்பது டேப்லெட்டிலும் ஒரே பாட வீடியோவைத் திறந்தால் இணைப்பு படுத்துவிடுகிறது. ஒருமுறை இறக்கியதைச் சேமித்துவைத்து எல்லோருக்கும் கொடுக்கும் கேஷ் சர்வர் வைத்தால் சரியாகுமா?

பதில்: முன்பென்றால் சரியாகியிருக்கும். இப்போது ஏறக்குறைய எல்லாத் தளமும் எச்டிடிபிஎஸ், அதாவது தகவலைப் பூட்டி அனுப்பும் முறை என்பதால், நடுவில் இருக்கும் சர்வரால் உள்ளே இருப்பதைப் பார்த்துச் சேமித்துவைக்க முடியாது. அதற்குப் பதில் பாடத்தையே பள்ளிக்குள் கொண்டுவந்து வைத்துவிடுங்கள். கோலிப்ரி இதற்கென்றே எழுதப்பட்ட இலவச மென்பொருள். ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியிலும் ஓடும். இணையம் இல்லாமல் விக்கிப்பீடியா படிக்க வேண்டுமென்றால் கீவிக்ஸ் என்ற மென்பொருள். நல்ல இணைப்புள்ள ஒரு பள்ளியில் இறக்கி, ஹார்டு டிஸ்க்கில் எடுத்துக்கொண்டு மற்ற பள்ளிகளுக்குப் போய் ஏற்றிவிட்டு வந்தால் போதும். பைக்கில் போகும் ஹார்டு டிஸ்க்கின் வேகத்துக்கு உங்கள் இணைப்பு ஈடு கொடுக்காது!

கேள்வி: இரண்டு கட்டடங்களுக்கு நடுவே 150 மீட்டர். லேன் கேபிள் இழுக்கலாமா?

பதில்: வேண்டாம். அதன் வரம்பு 100 மீட்டர். வெளியில் போகும் செம்புக் கம்பி இடி மின்னலில் இரண்டு பக்கக் கருவியையும் சேர்த்துக் காவு வாங்கும். ஒளியில் தகவலைக் கடத்தும் கண்ணாடி இழையான ஃபைபர் போடுங்கள்.

கேள்வி: கணினியைப் பார்த்துக்கொண்ட சார் மாற்றலாகிப் போய்விட்டார். ரூட்டர், மெயில், வகுப்புத் தளம் எதற்கும் பாஸ்வேர்டு தெரியவில்லை.

பதில்: ரூட்டரைப் பின்னால் உள்ள சின்னத் துளையில் குண்டூசியால் அழுத்தி ரீசெட் செய்துவிடலாம். அதற்கு முன் இணைப்புக்கான யூசர்நேம், பாஸ்வேர்டை இணையக் கம்பெனியிடம் கேட்டு வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் இருக்கிற இணைப்பும் போய்விடும். மெயிலும் தளமும் அவருடைய சொந்த முகவரியிலும் செல்போன் எண்ணிலும் பதிவாகியிருந்தால் அவரிடம்தான் போக வேண்டும். கோபப்படாமல் கேளுங்கள், அன்றைக்கு வேறு யாரும் முன்வராததால் அவர் தன் எண்ணைக் கொடுத்திருப்பார்.

இனிமேல் கணக்குகள் ஆளின் பெயரில் வேண்டாம், பதவியின் பெயரில் இருக்கட்டும். நிர்வாகி உரிமை இரண்டு பள்ளிகளில் இரண்டு பேரிடம் இருக்கட்டும். பாஸ்வேர்டுகளை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, தலைமையாசிரியரின் பீரோவில் பூட்டுங்கள். தாளில் எழுதலாமா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஒருவர் செல்போனில் மட்டும் இருப்பதைவிட அந்தப் பீரோ எவ்வளவோ மேல்.

கேள்வி: வாட்ஸ்அப் குழுவில் சுற்றறிக்கைகள் காலை வணக்கத்துக்கு நடுவே காணாமல் போகின்றன.

பதில்: நிர்வாகிகள் மட்டும் பதிவிடும் குழு ஒன்று, அரட்டைக்கு ஒன்று. கோப்பின் பெயர் தேதியில் தொடங்கட்டும்.

கேள்வி: கொஞ்சம் நிதி வந்திருக்கிறது. நான்கு பள்ளிக்கும் முதலில் என்ன வாங்கலாம்?

பதில்: ரூட்டருக்கு மட்டும் ஒரு சின்ன பேட்டரி யுபிஎஸ். பெரும்பாலான ரூட்டர்கள் 12 வோல்ட்டில் ஓடுபவை. கரண்ட் போனாலும் லேப்டாப் தன் பேட்டரியில் ஓடும். ரூட்டர் அணைவதால்தான் வகுப்பு நிற்கிறது. வாங்குமுன் உங்கள் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் படித்துவிட்டு, ரூட்டரில் சொருகும் முனையின் அளவு பொருந்துகிறதா என்று பாருங்கள். மீதியில் எல்லாப் பள்ளிக்கும் ஒரே மாடல் ரூட்டர், பொதுவாக ஒன்று கூடுதலாக. ஒன்று செத்தால் செட்டிங்கை ஏற்றி அன்றைக்கே மாட்டிவிடலாம்.