ராத்திரியில் அழைத்தார்கள், காலையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்

கேள்வி: தம்பிக்கு 34 வயது. இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டது. தருமபுரியில் வாரம் மூன்று முறை டயாலிசிஸ். சென்னையில் ஒரு மருத்துவமனையில் மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிந்திருக்கிறோம். போன மாதம் ராத்திரி போன் வந்தது. கார் பிடித்து ஓடினோம். ரத்தம் எடுத்தார்கள், விடியும்வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் "இந்தத் தடவை உங்களுக்கு இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். பணம் கொடுத்தவனுக்குப் போயிருக்கும் என்கிறார் மாமா. நிஜமா?
– வாசகி, பாலக்கோடு

பதில்: மாமாவின் கோபம் புரிகிறது. ஆனால் திருப்பி அனுப்பினார்கள் என்பதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. மூளைச்சாவு அடைந்தவரின் சிறுநீரகம் கிடைக்கும்போது, உறுப்புகளைப் பங்கிடும் தமிழ்நாடு அரசு அமைப்பான டிரான்ஸ்டானின் பட்டியலில் இருந்து ஒருவருக்கு மேல் அழைப்பது வழக்கம். ரத்த வகை ஒத்துப்போனால் மட்டும் போதாது. கொடையாளரின் செல்களோடு உங்கள் தம்பியின் சீரத்தை, அதாவது ரத்தத்தில் இருந்து பிரித்த தெளிநீரை, கலந்து பார்ப்பார்கள். கிராஸ்மேட்ச் என்பது இதுதான். தம்பியின் ரத்தத்தில் உள்ள எதிரணுக்கள் (ஆன்டிபாடி) அந்த செல்களைத் தாக்கினால், பொருத்திய சிறுநீரகம் ஆபரேஷன் மேசையிலேயே கெட்டுப்போகக்கூடும். முடிவு வர சில மணி நேரம் ஆகும். எடுத்த சிறுநீரகமோ ஐஸில் ஏறத்தாழ ஒரு நாள்தான் தாங்கும். ஒருவருக்குச் சேரவில்லை என்று தெரிந்த பிறகு அடுத்தவரை பாலக்கோட்டிலிருந்து வரவழைத்தால், வழியிலேயே ஐந்தாறு மணி நேரம் போய்விடும். அதனால்தான் மாற்று ஆளையும் முன்கூட்டியே உட்கார வைக்கிறார்கள். உட்கார வைக்கும்போதே அதைச் சொல்லியிருக்கலாம்!

மருத்துவமனையின் ஒருங்கிணைப்பாளரிடம் ஒன்றைக் கேளுங்கள்: கிராஸ்மேட்ச் சேரவில்லையா, அல்லது தம்பி மாற்று ஆளாக வந்தாரா? இரண்டாவது என்றால் கவலை இல்லை, பட்டியலில் பெயர் அப்படியே இருக்கும். முதலாவது என்றால், இதுவரை எத்தனை தடவை ரத்தம் ஏற்றினார்கள் என்று பாருங்கள். ஏற்றுகிற ஒவ்வொரு யூனிட்டும் எதிரணுக்களை வளர்க்கலாம். "சோர்வா இருக்கான், ஒரு பாட்டில் ஏத்துங்க" என்று டாக்டரை நச்சரிக்காதீர்கள். ஹீமோகுளோபின் குறைந்தால் பெரும்பாலும் ரத்தம் ஊற வைக்கும் எரித்ரோபொயட்டின் ஊசியும் இரும்புச்சத்து ஊசியுமே போதும்.

அப்புறம், மாம்பழம். உங்கள் பக்கம் சீசனில் வீடு முழுக்க அதுதான், தெரியும். தக்காளியும் இளநீரும்கூட அவருக்கு ஆகாது. இவற்றில் உள்ள பொட்டாசியம் ரத்தத்தில் ஏறிப்போய் வந்து நின்றால் மயக்க மருந்து டாக்டர் உள்ளே விடமாட்டார், முதலில் டயாலிசிஸ் செய்யச் சொல்வார். காய்ச்சல், சளி, டயாலிசிஸ் குழாய் (கதீட்டர்) போட்ட இடத்தில் சீழ் என்று ஏதாவது இருந்தால், அழைப்பு வரும்போதே போனில் சொல்லிவிடுங்கள்.

நம்பர் மாறினால் அன்றைக்கே தெரிவியுங்கள். பழைய நம்பருக்கு அழைத்து ஆள் கிடைக்காமல் வாய்ப்பை இழந்தவர்கள் உண்டு. சிறுநீரகம் வாங்கித் தருகிறேன் என்று வெளியே யாராவது காதைக் கடித்தால் நகர்ந்துவிடுங்கள். 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி விற்பது மட்டுமல்ல, வாங்குவதும் குற்றம்.

அடுத்த அழைப்பில் தம்பிக்கே கிடைத்தால், ஆபரேஷன் மூன்று நான்கு மணி நேரம் நடக்கும். மயக்கம் கொடுப்பதையும் தெளிவிப்பதையும் சேர்த்தால் இன்னும் கூடும், கதவு திறக்கவில்லையே என்று பதற வேண்டாம். இறந்தவரிடமிருந்து எடுத்த சிறுநீரகம் உடனே வேலை செய்யாமலும் போகலாம். முதல் சில நாட்கள் பையில் சிறுநீர் இல்லை, மறுபடி டயாலிசிஸ் என்றதும் "தோத்துப்போச்சு" என்று ஊருக்குப் போன் போட்டுவிடாதீர்கள். ஓரிரு வாரம் கழித்து வேலை செய்யத் தொடங்கியவை நிறைய. தினமும் ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் சிறுநீரின் அளவையும், ரத்தத்தில் தேங்கும் கழிவான கிரியேட்டினினின் அளவையும் மட்டும் கேட்டு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.