மின் அடுப்பும் நம் சமையலும்: கேள்வி பதில்

ரொறன்ரோ பக்கம் வீடு வீடாகப் போய் அடுப்பு, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் பழுது பார்ப்பது என் தொழில். மின் அடுப்பைப் பற்றிக் கேளுங்கள் என்றதும் நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். கனடா, அமெரிக்க வீடுகளில் இருக்கும், மேலே நான்கு அடுப்பும் கீழே ஓவனும் சேர்ந்த பெரிய மின் அடுப்புதான் இங்கே பேச்சு. இதில் இரண்டு வகை: சூடேறும் சுருள் கம்பி மேலேயே தெரிந்தால் காயில் அடுப்பு, கம்பி கண்ணாடிக்கு அடியில் இருந்தால் கண்ணாடி அடுப்பு. ஊரில் மேடை மேல் வைக்கிற இண்டக்ஷன் அடுப்பு வேறு சமாச்சாரம்.

கேள்வி (ஸ்காபரோ): அண்ணா, புதிதாக வாடகைக்கு வந்த வீட்டில் மின் அடுப்பு. அணைத்த பிறகும் பால் பொங்கி வழிகிறது, குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருக்கிறது. அடுப்பு பழுதா?

பதில்: பழுதில்லை தங்கச்சி. கேஸில் குமிழைத் திருப்பிய நொடியே தீ போய்விடும். இங்கே காயிலும் கண்ணாடியும் நன்றாகச் சூடேறியிருக்கும், மின்சாரம் நின்ற பிறகும் அவை ஆற நேரம் எடுக்கும். அதனால் பால் பொங்கி வந்தால் குமிழைத் திருப்புவதோடு பாத்திரத்தையும் தூக்கிப் பக்கத்தில் ஆறியிருக்கும் அடுப்பில் வைத்துவிடுங்கள். குக்கரை இரண்டு கைப்பிடியையும் பிடித்து, இழுக்காமல் தூக்கி வையுங்கள். பழகிவிட்டால் இந்த மிச்சச் சூடு நமக்கே உதவும். சோறு, பருப்பு எல்லாம் வேக இன்னும் சில நிமிடம் இருக்கும்போதே அணைத்துவிடலாம்.

ஆபத்தும் இதில்தான். கண்ணாடி அடுப்பில் ‘சூடாக இருக்கிறது’ என்று ஒரு சிவப்பு விளக்கு எரியும். கண்ணாடி போதுமான அளவு ஆறும் வரை அது அணையாது. காயில் அடுப்பில் பெரும்பாலும் அப்படி விளக்கு கிடையாது. அடுப்பு ஓடுகிறதா என்று காட்டும் விளக்கு மட்டும்தான் இருக்கும், குமிழைத் திருப்பியதும் அதுவும் அணைந்துவிடும். பார்க்க கறுப்பாக, ஆறியது போலவே இருக்கும். பால் பாக்கெட், பிளாஸ்டிக் டப்பா, கைபிடித் துணி, எதையும் அடுப்பு மேல் வைக்கிற பழக்கமே வேண்டாம். அடுப்பின் மேல்பகுதியை மேசையாக நினைக்கிற வீடுகளில்தான் உருகின பிளாஸ்டிக்கை அதிகம் பார்க்கிறேன்.

கேள்வி (மார்க்கம்): கண்ணாடி அடுப்பை எட்டில் வைத்தாலும் சிவப்பு வந்து வந்து போகிறதே?

பதில்: அது அப்படித்தான் வேலை செய்யும். எலிமெண்டுக்கு, அதாவது சூடேறும் கம்பிக்கு, மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுத்துத்தான் சூட்டின் அளவை வைத்திருக்கிறது. முழுச் சூட்டில் வைத்தாலும் கண்ணாடி அளவுக்கு மீறிச் சூடாகாமல் இருக்க நடுவில் நிறுத்தும். சிவப்பு வரவே இல்லை என்றாலோ, எதில் வைத்தாலும் அணையாமல் முழுச் சிவப்பாகவே இருந்தாலோதான் ஆளைக் கூப்பிட வேண்டும்.

கேள்வி (நியூஜெர்சி): சர்க்கரைப் பொங்கலுக்கு வெல்லப்பாகு காய்ச்சும்போது கண்ணாடி மேல் வழிந்துவிட்டது. ஆறட்டும் என்று விட்டு, மறுநாள் காலையில் சுரண்டினால் பாகோடு கண்ணாடியும் சில்லுச் சில்லாக வந்துவிட்டது. ஏன் சார்?

பதில்: நம் வீடுகளில் கண்ணாடி அடுப்பு பாழாவதற்குப் பெரிய காரணம் இதுதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன். சாம்பார், பால், கஞ்சி எது வழிந்தாலும் ஆறிய பிறகு துடைக்கலாம். சர்க்கரை சேர்ந்தது மட்டும் விதிவிலக்கு. பாகு சூட்டில் கண்ணாடியோடு இறுக ஒட்டிக்கொள்ளும். ஆறும்போது அது சுருங்கும், கண்ணாடி அவ்வளவு சுருங்காது. அந்த இழுப்பில் கண்ணாடியின் மேல்தோல் பெயர்ந்து குழி விழும். நீங்கள் சுரண்டியதால் வந்த குழி இல்லை, இரவிலேயே பெயர்ந்திருக்கும்.

அதனால் பாகு, பாயசம், ஜாம், சர்க்கரை போட்ட பால் எது வழிந்தாலும் சூட்டோடு எடுக்க வேண்டும். முதலில் அணையுங்கள். பாத்திரத்தைத் தூக்குங்கள். முழங்கை வரை வருகிற ஓவன் கையுறையைப் போட்டுக்கொண்டு, பிளேடு பொருத்திய சுரண்டியைக் கண்ணாடியோடு படுக்க வைத்தாற்போல் சாய்த்துப் பிடித்து, பாகைச் சூடான வட்டத்திலிருந்து ஆறின ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே வாருங்கள். ஈரத் துணியை அப்போது கொண்டுபோகாதீர்கள், ஆவி அடித்துக் கை வெந்துவிடும். மீதியை ஆறிய பிறகு கண்ணாடி அடுப்புக்கென்று விற்கும் கிரீம் போட்டுத் துடைத்தால் போய்விடும். பிளாஸ்டிக்கோ அலுமினியத் தாளோ உருகி ஒட்டினாலும் இதே முறைதான்.

ஜன்னல் துடைக்கிற அம்மோனியா திரவம், பிளீச், இரும்பு நார் மூன்றும் கண்ணாடி அடுப்புக்கு ஆகாது.

உங்கள் அடுப்பில் விழுந்த குழியைப் பூசி அடைக்க முடியாது. சின்னக் குழி என்றால் ஓட்டலாம். அதிலிருந்து கோடு கிளம்பினால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். விரிசல் வழியாகக் குழம்போ தண்ணீரோ கீழே இறங்கினால் அங்கே மின்சாரம் ஓடும் எலிமெண்ட் இருக்கிறது, ஷாக் அடிக்கும். பிரேக்கரை (அடுப்புக்கு வரும் மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச்) இறக்கிவிட்டுக் கண்ணாடியை மாற்றிய பிறகு சமையுங்கள்.

கேள்வி (டல்லஸ்): இரும்புத் தோசைக்கல்லைக் கண்ணாடி அடுப்பில் வைக்கலாமா? விசேஷத்துக்குப் பெரிய அண்டா?

பதில்: அடி வழவழப்பாக, தட்டையாக இருந்தால் தோசைக்கல் வைக்கலாம். தள்ளாதீர்கள், தூக்கி வையுங்கள். கோடு விழுவதெல்லாம் இழுப்பதால்தான். வெறும் கல்லை முழுச் சூட்டில் காயவிட்டுவிட்டு மாவைக் கரைக்கப் போகாதீர்கள். நடுச் சூட்டில் கொஞ்சம் பொறுமையாகக் காயட்டும். உருண்டை அடி வாணலி கண்ணாடி மேல் வேலைக்கே ஆகாது, அதற்கு வளையம் வைத்து நிறுத்துவதும் வேண்டாம். வளையத்துக்குள் சூடு அடைபட்டுக் கண்ணாடியைத்தான் தாக்கும்.

அண்டா விஷயத்தில், பாத்திரத்தின் அடி எலிமெண்டின் வட்டத்தைவிட ஒரு அங்குலத்துக்கு மேல் வெளியே நீட்டக் கூடாது. இரண்டு அடுப்பை ஒன்றாக மூட்டி ஒரே பாத்திரத்தை ஏற்றுவதும் ஆகாது. நூறு பேருக்குச் சமைக்க வெளியில் வைக்கும் கேஸ் பர்னரை வாடகைக்கு எடுங்கள். அதையும் கராஜுக்குள் வைக்காதீர்கள்.

கேள்வி (மிசிசாகா): புதிதாக வாங்கிய காயில் அடுப்பில் பெரிய பானைத் தண்ணீர் கொதிக்கவே மாட்டேன் என்கிறது. பழைய அடுப்பில் இந்தப் பிரச்சினை இல்லை.

பதில்: காயிலின் நடுவில் பொத்தான் மாதிரி ஒன்று தூக்கிக்கொண்டு நிற்கிறதா பாருங்கள். 2018, 2019 வாக்கில் அமெரிக்காவில் பாதுகாப்புத் தரம் மாறியது. எண்ணெய் தானாகப் பற்றிக்கொள்ளும் சூட்டுக்குப் போகும் முன் காயில் தன்னைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று விதி வந்தது. அந்தப் பொத்தான் பாத்திரத்தின் அடியைத் தொட்டுச் சூட்டை உணர்கிறது. அடி வளைந்த பாத்திரம் சரியாகத் தொடாது, காயிலின் சூட்டையே உணர்ந்து சீக்கிரம் நிறுத்திவிடும். அடி தட்டையான, கனமான பாத்திரத்துக்கு மாறுங்கள், மூடி போட்டுக் கொதிக்க வையுங்கள், வித்தியாசம் தெரியும். பழைய மாதிரிக் காயிலை வாங்கி மாட்டச் சொல்லிச் சிலர் என்னைக் கேட்கிறார்கள். நான் மாட்டுவதில்லை. எண்ணெயில் பொரிக்கிற நமக்குத்தான் அந்தப் பொத்தான் மிகவும் தேவை.

கேள்வி (ஏஜாக்ஸ்): வடை சுடும்போது எண்ணெயில் தீப்பிடித்தால் என்ன செய்ய வேண்டும் அண்ணா?

பதில்: மூடியைப் போடுங்கள். பாத்திரத்துக்குப் பொருந்தும் உலோக மூடி, இல்லையென்றால் ஒரு பேக்கிங் தட்டு, பக்கவாட்டிலிருந்து தள்ளி மூட வேண்டும். அடுப்பை அணையுங்கள். அதற்குப் பிறகு தொடாதீர்கள். எட்டிப் பார்க்க மூடியைத் திறந்தால் காற்றுப் பட்டு மறுபடியும் பிடிக்கும். மின் அடுப்பில் இன்னும் கவனம் தேவை. அணைத்தாலும் கீழே காயில் சூடாகத்தானே இருக்கிறது? எல்லாம் முழுக்க ஆறும் வரை மூடியே இருக்கட்டும்.

தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய் ஒரே நொடியில் ஆவியாகி, எரிகிற எண்ணெயைக் கூரை வரைக்கும் வீசும். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடவும் கூடாது. மூடி போட முடியாத அளவுக்குப் போய்விட்டால் எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்திவிட்டு அவசர உதவிக்கு 911ஐக் கூப்பிடுங்கள். ஓவனுக்குள் தீ என்றால் அணைத்துவிட்டுக் கதவைத் திறக்காமல் விடுங்கள்.

வீட்டில் சமையலால் வரும் தீ விபத்தும் அதன் சேதமும் கேஸ் அடுப்பு உள்ள வீடுகளைவிட மின் அடுப்பு உள்ள வீடுகளில் அதிகம் என்று அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் சொல்கிறது. கண்ணுக்குத் தீ தெரியாததால் ‘சும்மா ஒரு நிமிடம்’ என்று போய்விடுகிறோம். எண்ணெய் புகைய ஆரம்பித்தாலே முதல் எச்சரிக்கை வந்துவிட்டது என்று அர்த்தம். பொரிக்கும்போது போனை எடுக்க மாடிக்குப் போகாதீர்கள், போக வேண்டுமென்றால் அணைத்துவிட்டுப் போங்கள். எண்ணெய் காய்வதற்கு முன்பே மூடியை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் முதல் வடையைத் தட்ட வேண்டும்.

கேள்வி (அதே ஏஜாக்ஸிலிருந்து இன்னொருவர்): தாளித்தாலே புகை அலாரம் கத்துகிறது. பேட்டரியைக் கழற்றி வைத்திருக்கிறோம்.

பதில்: இன்றைக்கே திரும்பப் போடுங்கள். தற்காலிகமாக நிறுத்தும் பொத்தான் உள்ள அலாரமாக மாற்றி, அடுப்பிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி வையுங்கள். மேலே இருக்கும் புகைபோக்கியின் கம்பி வலையைக் கழற்றி வெந்நீரில் சோப்புப் போட்டு ஊற வையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு அடைத்த வலை புகையையும் இழுக்காது, கீழே தீப்பிடித்தால் அதுவும் சேர்ந்து எரியும்.

கேள்வி (பிரம்ரன்): ஓவனில் விளக்கு எரிகிறது, கடிகாரம் ஓடுகிறது, ஆனால் அடுப்பும் சூடாகவில்லை, ஓவனும் சூடாகவில்லை. புது அடுப்புதான் வாங்க வேண்டுமா?

பதில்: பொறுங்கள், வாங்க வேண்டாம். இந்த அடுப்புக்கு 120 வோல்ட் லைன் இரண்டு வருகிறது, இரண்டும் சேர்ந்துதான் 240. விளக்கும் கடிகாரமும் ஒரு லைனிலேயே ஓடும், எலிமெண்டுக்கு இரண்டும் வேண்டும். ஒரு லைன் எங்கேயோ அறுந்திருக்கிறது. பேனலில், அதாவது வீட்டின் பிரேக்கர்கள் எல்லாம் இருக்கும் பெட்டியில், அடுப்புக்கு இரட்டை பிரேக்கர் இருக்கும், பெரும்பாலும் 40 ஆம்பியர். அதை முழுக்க ஆஃப் பக்கம் தள்ளிவிட்டு ஒரே ஒரு தடவை ஆன் செய்யுங்கள். சரியாகிவிட்டால் நல்லது. மறுபடி விழுந்தால் விட்டுவிடுங்கள், திரும்பத் திரும்பத் தூக்கிப் போடாதீர்கள்.

பிரேக்கர் சரியாக இருந்தால் அடுத்தது சுவரில் இருக்கும் பிளக் பாயிண்ட். கருகின வாசனை, பழுப்புக் கறை, கை வைத்தால் பிளக் சூடு என்றால் இணைப்பு தளர்ந்து உள்ளே எரிகிறது. பிரேக்கரை இறக்கிவிட்டு எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். ஒன்டாரியோவில் இந்த வேலையைச் செய்ய உரிமம் உள்ள ஒப்பந்தக்காரர்தான் வர வேண்டும். தெரிந்த பையன் செய்து தருவான் என்று விடாதீர்கள். எக்ஸ்டென்ஷன் வயரில் இந்த அடுப்பை ஓட்டுவது எந்தக் காலத்திலும் கூடாது.

ஒரே ஒரு காயில் மட்டும் விட்டு விட்டு வேலை செய்கிறது என்று எழுதியவருக்கும் இதிலேயே சொல்லிவிடுகிறேன். பிரேக்கரை இறக்கி, ஆறிய பிறகு, அதே அளவுள்ள இன்னொரு காயிலோடு இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். பழுது காயிலோடு நகர்ந்தால் காயில் போய்விட்டது. பழைய இடத்திலேயே நின்றால் காயில் செருகும் சாக்கெட் கருகியிருக்கும். கருகின சாக்கெட்டில் புதுக் காயிலைச் செருகினால் அதன் காலும் கருகும், இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். காயிலைத் தண்ணீரில் முக்கிக் கழுவ வேண்டாம்.

கேள்வி (மொன்றியல்): தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்கிறோம். ஓவனில் தானாகச் சுத்தம் செய்யும் பொத்தான் இருக்கிறதே, போடலாமா? வீட்டில் லவ் பேர்ட்ஸ் இருக்கின்றன.

பதில்: பறவைகள் இருந்தால் போடாதீர்கள் அம்மா. கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே 480 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றி அழுக்கைச் சாம்பலாக்குவதுதான் அந்த வேலை. அப்போது வரும் புகை பறவைகளைக் கொன்றுவிடக்கூடியது. பறவை இல்லாத வீட்டிலும் பண்டிகைக்கு முந்தின நாள் வேண்டாம். அந்தச் சூட்டில் பாதுகாப்பு ஃபியூஸ் போய்விட்டாலோ, கதவுப் பூட்டு மாட்டிக்கொண்டாலோ பண்டிகையன்று ஓவன் இருக்காது. சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்து இரவு பூசி வைத்துக் காலையில் துடைத்தாலே போதும். சூடேற்றும் கம்பிகள் மேலும் கதவைச் சுற்றியிருக்கும் நார்ப்பட்டை மேலும் படாமல் பூசுங்கள். ஓவன் தரையில் அலுமினியத் தாள் விரிப்பதும் கூடாது, உருகி எனாமலோடு ஒட்டினால் வராது.

கேள்வி (ஸ்காபரோ): தம்பி, மூன்று வயதுப் பேரன் திறந்த ஓவன் கதவில் ஏறி நின்றான். அடுப்பே முன்னால் சாய்ந்தது. நல்லவேளை, மேலே எதுவும் இல்லை.

பதில்: ஐயா, இதை எல்லோரும் கட்டாயம் படிக்க வேண்டும். அடுப்பு சாயாமல் பிடிக்க, பின்னால் சுவரிலோ தரையிலோ திருகி வைக்கும் ஒரு சிறிய இரும்புப் பிடி அடுப்போடு பெட்டியிலேயே வரும். 1991 முதல் அமெரிக்கத் தரம் இதைக் கேட்கிறது. அடுப்பின் பின்காலை அதற்குள் தள்ளினால் வேலை முடிந்தது. ஆனால் கொண்டுவந்து இறக்குகிறவர்கள் பலர் அதைப் பொருத்தாமலே போய்விடுகிறார்கள். அடுப்பை நகர்த்தித் தரையைப் புதிதாகப் போட்ட வீடுகளிலும் பின்கால் வெளியே நிற்பதைப் பார்க்கிறேன்.

கண்டுபிடிப்பது எளிது. அடுப்பு ஆறியிருக்கும்போது, மேலே எதுவும் இல்லாமல், கீழ் டிராயரை வெளியே எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பின்காலைப் பாருங்கள். பிடிக்குள் நுழைந்திருக்கிறதா? இல்லையென்றால் மாதிரி எண்ணைச் சொல்லி வாங்கலாம், விலை சொற்பம். கட்டையிலோ கான்கிரீட்டிலோ இறங்கும்படி திருக வேண்டும், வெறும் ஜிப்சம் பலகையில் நிற்காது. வாடகை வீடானால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். குழந்தை இல்லாத வீட்டுக்கும் இது வேண்டும், கனமான தட்டைத் திறந்த கதவில் வைத்தாலும் அடுப்பு சாயும், மேலே கொதிக்கும் குழம்பு இருக்கும்.

கேள்வி (எட்மன்டன்): குமிழ் முன்பக்கம் இருக்கிறது. நாய் மோதியே ஒருநாள் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

பதில்: நடக்கிறதுதான். 2024 ஆகஸ்டில் சாம்சங் நிறுவனம் அமெரிக்காவில் விற்ற சுமார் 11 லட்சம் மின் அடுப்புகளுக்கு இதே காரணத்துக்காகத் திரும்ப அழைப்பு அறிவித்து, குமிழுக்குப் பூட்டோ மூடியோ இலவசமாகக் கொடுத்தது. மற்ற அடுப்புகளுக்கும் கடையில் குமிழ் மூடி கிடைக்கும். பூட்டும் வசதி இருந்தால் அதைப் பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். அடுப்பு மேல் எதையும் வைக்காதீர்கள் என்று முதலில் சொன்னேனே, இதற்காகவும்தான்.

கேள்வி (மார்க்கம்): கீழ் டிராயரில் என்ன வைக்கலாம்?

பதில்: இரும்பு, எவர்சில்வர் பாத்திரம். பிளாஸ்டிக், காகிதம், துணி வேண்டாம்.

கேள்வி (ரொறன்ரோ): சமைக்கும்போது கரண்ட் போய்விட்டால்?

பதில்: எல்லாக் குமிழையும் அந்த நேரமே ஆஃப் செய்யுங்கள், இருட்டில் தடவியாவது. 2013 டிசம்பர் பனிமழையில் இங்கே பல வீடுகளுக்கு நாட்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி நேரத்தில் ஆட்கள் உறவினர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். கரண்ட் வரும்போது ஆளில்லாத வீட்டில் காயில் தானாகச் சூடேறும். வீட்டை விட்டுக் கிளம்புவதாக இருந்தால் அடுப்பின் பிரேக்கரையே இறக்கிவிடுங்கள். பார்பிக்யூவையோ கரி அடுப்பையோ வீட்டுக்குள் மூட்டிச் சமைக்காதீர்கள், வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு உயிரை எடுத்துவிடும். கரண்ட் வந்ததும் ஹீட்டரும் ஃபிரிட்ஜும் முதலில் ஓடட்டும். அடுப்பு மேல் ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு, கடைசியாக அதன் பிரேக்கரைப் போடுங்கள்.