கொரோனா காலத்தில் அரசு அறிவித்த உதவித் திட்டங்கள் உங்கள் பகுதிச் சிறு தொழில்களுக்கு உண்மையிலேயே பயன்பட்டனவா?

மும்பை தாராவியில் தொண்ணூறு அடிச் சாலைக்குப் பின்புறம் உள்ள பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் வரிக் கணக்கு பார்ப்பவன் நான். எங்கள் சந்தில் பாதிப் பேர் திருநெல்வேலிப் பக்கம். நான் பார்த்தவரை, ஏதாவது ஒரு பதிவேட்டில் ஏற்கெனவே பெயர் இருந்தவர்களுக்கு உதவி வந்து சேர்ந்தது. பெயர் இல்லாதவர்கள் தவித்துப் போனார்கள்.

2020 மே 13 அன்று சிறு, குறுந்தொழில்களுக்குப் பிணையில்லாமல் 3 லட்சம் கோடி ரூபாய் கடன் என்று நிர்மலா சீதாராமன் அறிவித்தார். அன்று இரவே தோல்பை தைக்கும் அண்ணாச்சி ஒருவர் போன் செய்தார். எட்டுத் தையல் இயந்திரம், பன்னிரண்டு ஆட்கள். ஊருக்குப் போய்விட்டவர்களைத் திரும்ப அழைக்க முன்பணம் தேவை. “தம்பி, நமக்கு எவ்வளவு கிடைக்கும்?” என்றார்.

விதிகள் வந்ததும் படித்துப் பார்த்தேன். 2020 பிப்ரவரி 29 அன்று நிலுவையில் இருந்த கடனில் 20 சதவீதம்தான் புதிய கடன். அண்ணாச்சி இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட வங்கிக் கடன் வாங்கியதில்லை. தோல் வியாபாரியிடம் கைமாற்று, ஊரில் நகை அடகு, சீட்டுப் பணம் என்று சமாளித்தே தொழிலை வளர்த்தவர். பூஜ்யத்தில் 20 சதவீதம் பூஜ்யம்தானே! சொன்னதும் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “வங்கிக்குக் கடன்படாமல் இருந்தது தப்பா தம்பி?” என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அதே சாலையில் 10 லட்சம் ரூபாய் கடன் வைத்திருந்த இன்னொரு பட்டறைக்கு 2 லட்சம் வந்தது. அரசின் முழு உத்தரவாதம், ஓராண்டுக்கு அசல் கட்ட வேண்டியதில்லை. அந்தப் பட்டறை பிழைத்ததே அதனால்தான். திட்டத்தை மோசம் என்று நான் சொல்லவே மாட்டேன்.

பணம் கொடுக்கும்போதே பிடித்துக்கொள்ளும் வரியான டிடிஎஸ் விகிதத்தையும் அப்போது கால் பங்கு குறைத்தார்கள். வரியே குறைந்துவிட்டதாகப் பலர் நம்பினார்கள். 2 சதவீதம் பிடித்த இடத்தில் 1.5 பிடித்தார்கள், அவ்வளவுதான். கட்ட வேண்டிய மொத்த வரி அப்படியே இருந்தது.

கடனைவிட என்னை அதிகம் வாட்டியது அரிசி. ரேஷன் அட்டைக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் இலவசம் என்று மார்ச் 26 அன்றே அறிவித்துவிட்டார்கள். எங்கள் சந்தில் விடியுமுன் இட்லி அவித்து சயான் பக்கம் கொண்டுபோய் விற்கும் ஓர் அக்காவின் அட்டை சங்கரன்கோவிலில், மாமியார் வீட்டில் இருந்தது. ஒரு மாநில அட்டைக்கு வேறு மாநிலத்திலும் தானியம் வாங்க வழிசெய்யும் ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு சேர்ந்தது 2020 அக்டோபர் 1 அன்றுதான். அதுவரை அவர் பங்கு அரிசி ஊரில், பிள்ளைகள் இரண்டும் இங்கே.

ஜன்தன் கணக்கு இருந்ததால் பெண்களுக்கான 500 ரூபாய் மூன்று மாதம் வந்தது. கணக்கு எண்ணின் கடைசி இலக்கத்தை வைத்து நாள் ஒதுக்கியிருந்தார்கள். அவர் முறை வந்த அன்று வெயிலில் நின்று வாங்கி வந்தார். அந்த நோட்டை உடனே மாற்றவில்லை. மாவு டப்பாவுக்கு அடியில் இரண்டு நாள் வைத்திருந்து, மூன்றாம் நாள் உளுந்தும் பருப்பும் வாங்கினார். 1,500 ரூபாய் மும்பையில் எத்தனை நாளைக்குக் காணும்?

பிறகு தெருவோர வியாபாரிகளுக்கான ஸ்வநிதி கடன் 10,000 ரூபாய் வந்தது. விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். கிரைண்டருக்குப் புது மோட்டார் போட்டார். தவணை தவறாமல் கட்டினார், அடுத்த கடன் 20,000 கிடைத்தது. அந்தக் காலத்தின் திட்டங்களில் எனக்கு மனநிறைவு தந்தது இது ஒன்றுதான்.

சிறு, குறுந்தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் 2020 ஜூலையில் தொடங்கிய முதல் வாரமே அண்ணாச்சிக்குப் பதிந்து கொடுத்தேன். வெளியூரில் பட்டறையோ கடையோ வைத்திருப்பவர்கள் இதுவரை பதியவில்லை என்றால் இந்த வாரமே பதிந்துவிடுங்கள். கட்டணம் கிடையாது. யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.