31/50 தான், 1/2 இல்லை

31/50 தான் எழுத வேண்டும். நாணயத்தை 50 தடவை சுண்டியதில் 31 தலை விழுந்தது என்று கணக்கிலேயே கொடுத்துவிட்டு, தலை விழுவதற்கான பட்டறி நிகழ்தகவு (செய்து பார்த்ததில் கிடைத்த விகிதம்) என்ன என்று கேட்டால், விழுந்ததை மொத்தத்தால் வகுப்பதோடு வேலை முடிந்தது, 0.62. நீங்கள் போட்ட 1/2, சுண்டிப் பார்க்காமலே கணிக்கச் சொல்லும் வேறொரு கேள்விக்கான விடை.

"சீரான நாணயம்" என்று பார்த்ததும் கை தானாக 1/2 போட்டிருக்கும், பெரும்பாலும் அங்கேதான் சறுக்கும். வினாவில் அட்டவணையோ, இத்தனை தடவை விழுந்தது என்ற எண்ணோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; இருந்து, பட்டறி நிகழ்தகவைக் கேட்டால், அந்த எண்ணை வைத்தே வகுக்க வேண்டும்.

சீரான நாணயத்தில் 0.62 எப்படி வரும் என்று நம்பிக்கை வரவில்லையா? ஒரு ரூபாயை எடுத்துச் சுண்டி, ஒவ்வொரு 10 தடவைக்கும் அதுவரை விழுந்த தலைகளை அதுவரை சுண்டிய எண்ணிக்கையால் வகுத்து எழுதிக்கொண்டே போங்கள். முதலில் 0.7, 0.4 என்று தாவலாம், அப்புறம் 0.5 பக்கம் மெல்ல அடங்கும். புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் 24,000 தடவை சுண்டியதில் 12,012 தலை, அதாவது 0.5005. கணிதவியலாளர் கெர்ரிச் 10,000 தடவை சுண்டியதில் 5,067 தலை. பாதியைவிட 67 கூடுதல், உங்கள் கணக்கிலோ 6 தான் கூடுதல், ஆனாலும் அவர் விகிதம் 0.5067. நெருங்கி வருவது விகிதம், எண்ணிக்கை சரிபாதியாக வேண்டிய கட்டாயமே இல்லை. இதைத்தான் நிறையப் பேர் மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள்.

இன்னொன்று, 31 விழுந்ததால் நாணயம் கோணல் என்று எழுதிவிடாதீர்கள். நல்ல நாணயத்திலேயே 50 தடவையில் இவ்வளவோ இதற்கு மேலோ (இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ) விலகுவது ஏறக்குறைய எட்டுக்கு ஒரு முறை நடக்கும். அடுத்த உட்பிரிவில் 51-ஆவது தடவையைப் பற்றிக் கேட்டு, நாணயம் சீரானது என்றும் சொல்லியிருந்தால் அங்கே தாராளமாக 1/2 போடலாம்.